போறேன்னு சொல்லாதே

05.50 | மேலப்புதூர் வாசல் | சார்ஜ் 100

வண்டி: சித்தெறும்பு. ஓட்டுபவர்: அஞ்சுகம், வயது பதினாறு. சரக்கு: மூச்சுப்பெட்டி ஒன்று. போகுமிடம்: பனிக்கிணறு முகாம், கம்பம் நட்ட தடத்தில் இருநூறு கிலோமீட்டர். சக்கரங்கள் சரி. காற்று சரி. வடக்கே கொஞ்சம் புழுதி.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாராயிருந்தாலும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல வண்டி எழுதுகிறது. என் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்ளும். மேற்கோளுக்குள் வருவதை மட்டும் அப்படியே விட்டுவிடும். அதனால் நான் ஏதோ தமிழாசிரியை மாதிரித் தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். இலக்கணம் வண்டியுடையது, வாய் என்னுடையது. செவ்வாயில் பிறந்தவளுக்கு வாய் இல்லாமல் இருக்குமா?

பனிக்கிணற்றில் என் அண்ணன் தனியாக இருக்கிறான். அங்கே மூச்சுப்பெட்டி நின்றுவிட்டது. அதாவது நாம் விட்ட காற்றைச் சுத்தம் செய்து திருப்பித் தரும் பெட்டி. கைவசம் இருக்கும் சிலிண்டர்களை வைத்து இன்று இரவு ஒன்பது மணிவரை அவன் சமாளிப்பான். பெரிய வண்டி சக்கரம் கழற்றிக் கிடக்கிறது. சித்தெறும்பில் காற்று குறைவு. போகும்போது ஒருவர், வரும்போது இருவர் என்றால்தான் கட்டுப்படியாகும். பெட்டியை ஏற்றிய பிறகு மிச்சமிருந்த இடத்தில் நுழையக்கூடிய உடம்பு மேலப்புதூரில் என்னுடையது மட்டும்தான். அதோடு, யாருக்கும் தெரியாமல் இந்த வண்டியை எடுத்து ஓட்டிப் பழகியவளும் நான் மட்டும்தான் என்பது நேற்றுப் பஞ்சாயத்தில் பயனுள்ள தகவலாக மாறிவிட்டது.

இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. ஊர் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிச்சையா மாமா செய்த ஏற்பாடு: புறப்படுபவர் விடை சொல்ல வேண்டும், அனுப்புபவர் விடை கொடுக்க வேண்டும். இரண்டு குரலையும் கேட்டால்தான் கிளம்பும். நான் "போறேன்" என்றேன். வண்டி "ஒருவழிப் பயணம், சரியா?" என்றது. அவ்வளவுதான், அம்மா ரேடியோவிலேயே குதித்தாள்.

"ஏட்டி, வாயக் கழுவு! போறேன்னு சொல்லாத. போயிட்டு வாரேன்னு சொல்லு."

"சரிம்மா, போயிட்டு வாரேன். தனியா போறேன், வரும்போது மல்லியும் வாங்கிட்டு வாரேன்."

"பல்லக் காட்டாத. போயிட்டு வா."

வண்டி கிளம்பியது.

07.35 | சார்ஜ் 91

ஒன்றுமில்லை. கம்பம், அடுத்த கம்பம், அடுத்த கம்பம்.

தனியாக வண்டியில் போவோருக்கு உதவட்டும் என்று பாடங்கள் எழுதலாம் என்றிருக்கிறேன். பாடம் ஒன்று: கிளம்புவதற்கு முன் தண்ணீர் நிறையக் குடிக்காதே. காரணத்தை விளக்க மாட்டேன். பாடம் இரண்டு: தனியாகப் போகும்போது உன் ஜோக்குக்கு நீயேதான் சிரிக்க வேண்டும். சத்தமாகச் சிரித்தால் காற்றுக் கணக்கில் ஏறுகிறது. பார்த்தேன், முள் அசைகிறது.

என்னைப் பற்றி: வீட்டில் அஞ்சு என்பார்கள். ஆனால் அஞ்ச மாட்டேன். அண்ணன் பெயர் ஆறுமுகம், சுருக்கி ஆறு. செவ்வாயில் ஆறே இல்லை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஒன்று உண்டு, காலையில் எழவே எழாது. அவனுக்குக் கோபம் வந்தால் "ஆறு, ஆறு" என்பேன். கூப்பிடுகிறேனா, ஆறச் சொல்கிறேனா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர். நான் ஐந்து முறை தட்டுவேன். அவன் ஆறு முறை தட்டுவான். அர்த்தம்: "இருக்கியா?" "இருக்கேன்." அவன் பனிக்கிணற்று வேலைக்குப் போன பிறகும் நான் சில நாள் தட்டிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது உருளைக்கிழங்கு மூட்டைகள். அவை திருப்பித் தட்டவில்லை. நல்லவேளை.

09.10 | சார்ஜ் 82

முகாமிலிருந்து அழைப்பு. சத்தம் தெளிவாக இருந்தது.

"ஏட்டி அஞ்சு, எங்கன வார?"

"எழுபதாவது கம்பம். நீ எப்படிண்ணே இருக்க?"

"மூச்சு விடாம வேல பாக்கேன். நெசமாவே."

"ஜோக்கெல்லாம் சொல்லாத. காத்து வீணாப்போவும்."

"ஒன்ன அனுப்பியிருக்காங்கன்னு கேட்டதும் பாதிக் காத்து பயத்துலயே போயிட்டு. மெதுவா வா, கேட்டியா? நான் எங்கயும் போவல."

கடைசியில் ஆறு முறை 'டக் டக்' என்று ரேடியோவில் தட்டினான். நான் ஐந்து தட்டினேன்.

அவன் குரல் கொஞ்சம் இழுத்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவே இரண்டு இடத்தில் நிறுத்தினான். அவன் நிறுத்தாமல் பேசுகிறவன்.

பாடம் மூன்று: வேகத்தைக் கூட்டினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். தெரியும். கூட்டினேன்.

10.25 | சார்ஜ் 75

வடக்கே இருந்த 'கொஞ்சம் புழுதி' இப்போது வானத்தில் பாதி. சூரியன் தேய்த்த காசு மாதிரி இருக்கிறது. கூரைத் தகடுகளிலிருந்து ஏறவேண்டிய சார்ஜ் ஏறவில்லை.

அம்மா அழைத்தாள். இதைக் குரலோடு அப்படியே சேமித்துக்கொள் என்று வண்டியிடம் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போனதும் அவளிடமே போட்டுக் காட்டிச் சிரிக்க வேண்டும்.

"அஞ்சு, வண்டியத் திருப்பு. பெரும்புழுதி வருதுன்னு சொல்லுதாக. மாமா பெரிய வண்டிக்குச் சக்கரம் மாட்டுதாரு."

"எப்ப முடியுமாம்?"

"நாளைக்கு."

"நாளைக்கா? ஆறு ஒம்பது மணிவரதாம்மா இருப்பான். கணக்கு ஒதைக்குல்லா."

"ரெண்டு பிள்ளையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? திருப்புட்டி."

"ஒன்னு போனாப் பரவாயில்லையா? எது, அஞ்சா ஆறா? ஆறுதான் பெரிய எண்ணு, அத வச்சுக்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"சொன்னாக் கேக்க மாட்ட. பெத்தவ பேச்சு ஒனக்கு அவ்வளவு எளக்காரம். போ. எங்கயும் போய்த் தொலை. என்கிட்டப் பேசாத."

10.50 | சார்ஜ் 73

அம்மாவை அழைத்தேன். இரைச்சல். அண்ணனை அழைத்தேன். இரைச்சல்கூட இல்லை.

புழுதிக்குள் வந்துவிட்டேன். ரேடியோ போய்விட்டது. போட்டுக் காட்டிச் சிரிக்கிற யோசனையைக் கைவிட்டேன்.

பாடம் நான்கு: சண்டை போட்டால் முடித்துவிட்டுக் கிளம்பு. பாதியில் விட்டால் அது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கூடவே வருகிறது. இந்த வண்டியில் பின்சீட்டே கிடையாது. ஆனாலும் வருகிறது.

12.40 | சார்ஜ் 62

தடம் நுழைந்து போகும் கணவாய் மணலில் மூடிப்போய்விட்டது. கம்பங்களின் தலை மட்டும் தெரிகிறது. மேற்கே குன்றைச் சுற்றித்தான் போக வேண்டும்.

சுற்றினேன். முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. இறங்கி மண்வெட்டியால் அள்ளினேன். மணலில் கால் சறுக்கிக் கவிழ்ந்து விழுந்தேன். செவ்வாயில் மண்ணைக் கவ்விய முதல் ஆள் நானாக இருப்பேன். ஹெல்மெட் இருந்ததால் முழுமையாகக் கவ்வ முடியவில்லை. இதை ஜோக்காகத்தான் சொன்னேன். வண்டி சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

கூட ஒருவர் இருந்தால், ஒருவர் ஓட்ட ஒருவர் தள்ளலாம். தனியாக இருந்தால் தள்ளிவிட்டு ஓடிவந்து ஓட்ட வேண்டும். அதற்குள் மறுபடி புதைந்துவிடும். நாலு தடவை. ஐந்தாவது தடவை ஓட்டுகிற வேலையை வண்டியிடமே கொடுத்துவிட்டு நான் தள்ளினேன். ஏறியது. ஏறிய வேகத்தில் என்னை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போனது. நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். அப்போது நின்றது.

ஓடிய அந்த நேரம் என்ன நினைத்தேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

14.40 | சார்ஜ் 52

வண்டி நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை.

திரையில் வந்தது இது: "பயண வகை: போய் வருதல். திரும்பத் தேவை: 52. இருப்பு: 52. இத்துடன் திரும்ப வேண்டும். முப்பது நிமிடத்தில் வண்டி தானாகத் திரும்பும்."

முகாமுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் இருக்கிறது.

வண்டியோடு வாதாடினேன்.

"முகாம்ல கரண்டு இருக்கு. அங்கன போயி ஏத்திக்கிடலாம்."

"கண்ணால் காணாத கரண்டு கணக்கில் சேராது."

அங்கே கரண்டு இருக்கிறது, காற்று இல்லை. இங்கே காற்று இருக்கிறது, கரண்டு இல்லை. நடுவில் அறுபது கிலோமீட்டரும் ஒரு மடவண்டியும்.

காலையில் நான் 'போயிட்டு வாரேன்' என்றதை வண்டி வாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. வருவேன் என்று சொன்னேன் அல்லவா, வருவதற்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டது. அதைத் தொட விடாது. முதலில் சொன்ன 'போறேன்' என்ற சொல்லில் நின்றிருந்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் யாரும், ஒரு தடவைகூட, அப்படிச் சொல்லிக் கிளம்பியதில்லை. பக்கத்துக் கூடாரத்துக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போயிட்டு வாரேன்'தான்.

வகையை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"முடியும். புறப்பட்டவர் 'போறேன்' என்று சொல்ல வேண்டும். அனுப்பியவர் 'போ' என்று சொல்ல வேண்டும். அனுப்பியவர்: உங்கள் அம்மா."

பிச்சையா மாமா ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறது: "வீறாப்புல ஒருத்தன் தன்னால போயிரக் கூடாது பிள்ள. வீட்டுல உள்ளவங்க வாயால வரணும்."

ரேடியோ: இரைச்சல்.

14.56 | சார்ஜ் 52

அம்மா குரலில் பேசுவது எனக்குக் கைவந்த கலை. போன மாதம் ஒலிபெருக்கியில் அம்மாவாகப் பேசி, "இன்னைக்கு யாரும் குளிக்கக் கூடாது, தண்ணித் தொட்டில எலி விழுந்துட்டு" என்றேன். செவ்வாயில் எலியே கிடையாது. ஆனாலும் ஊரே குளிக்கவில்லை. அம்மாவே குளிக்கவில்லை.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினேன்.

"ஏ வண்டி, நான் அஞ்சுகத்தோட அம்மா பேசுதேன். பிள்ள போவட்டும். போ."

"வணக்கம் அஞ்சுகம்."

"அஞ்சுகம் இல்ல, அவ அம்மா!"

"குரல் பொருந்தவில்லை. திரும்ப இன்னும் பதினொரு நிமிடம்."

ஊரை ஏமாற்றிய குரல் ஒரு வண்டியிடம் தோற்றுவிட்டது.

திரும்பினால் ராத்திரி மேலப்புதூரில் இருப்பேன். அம்மா கட்டிக்கொள்வாள். ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்கப்புறம் அந்தத் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் எப்படிப் படுப்பேன்?

15.06 | சார்ஜ் 52

ஒன்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

அம்மா குரலில் 'போ' இந்த வண்டிக்குள்ளேயே இருக்கிறது. காலை 10.25. நான்தான் சேமிக்கச் சொன்னேன்.

போட்டேன்.

"போ. எங்கயும் போய்த் தொலை."

வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு சொன்னது:

"குரல் பொருந்துகிறது. 'போ' ஏற்கப்பட்டது. 'தொலை' என்பது எவ்வளவு தொலைவு என்று தெரியவில்லை."

சிரித்தேன். காற்று முள் அசையும் அளவுக்குச் சிரித்தேன். எங்கே சிரிப்பு முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது என்று தெரியவில்லை.

"இனி நீங்கள் சொல்ல வேண்டும்."

அந்தச் சொல்லை எத்தனை தடவை விளையாட்டாகச் சொல்லி அடி வாங்கியிருப்பேன். இப்போது மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றது. இன்னொரு முறை சொன்னேன். தெளிவாகச் சொல்லச் சொன்னது.

"போறேன்."

"ஒருவழிப் பயணம். சரியா?"

"சரி."

ஓடுகிறது.

கண்டெடுப்பவரே, ஒரு வேலை. இந்த வண்டியில், அம்மா என்னை 'போ' என்று அனுப்பியதாகப் பதிவாகியிருக்கிறது. அவள் அனுப்பவில்லை. அது கோபத்தில் வந்தது. அதைத் திருடி வேறு பூட்டுக்குச் சாவியாகப் போட்டது நான். மற்ற எதைச் சொல்லாவிட்டாலும் இதை அவளிடம் சொல்லிவிடுங்கள். முதலில் இதை.

17.05 | சார்ஜ் 23

வெளியே இருட்டு மாதிரிதான். விளக்கைக் குறைத்துவிட்டேன். கம்பம் கிடைத்துவிட்டது, மறுபடி தடத்தில் இருக்கிறேன்.

சார்ஜ் போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூட்டை அணைத்தால் போதும் போல இருக்கிறது. சூட்டை அணைத்தேன். இப்போது சொரணை மட்டும்தான் மிச்சம், அதுவும் விரல்களில் இல்லை.

கண்ணாடியின் உள்பக்கம் என் மூச்சு உறைகிறது. அதில் விரலால் ஐந்து கோடு போட்டேன்.

பாடம் எத்தனையாவது என்று மறந்துவிட்டது: தனியாகப் போகும்போது தூக்கம் வந்தால் தட்டி எழுப்ப ஆள் கிடையாது. நீயே உன்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். அம்மா குரலில் திட்டிக்கொண்டேன். நன்றாக வேலை செய்கிறது.

வண்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"வெளக்க அணைன்னா அணைக்க. சூட்ட அணைன்னா அணைக்க. என்ன அணையேன்."

"உங்களை அணைக்கும் வசதி இந்த வண்டியில் இல்லை."

சரியாகத்தான் சொன்னது. அதற்கு ஏன் எனக்கு அழுகை வர வேண்டும்?

18.20 | சார்ஜ் 8

மணல் மேடு. மேடு. இன்னொரு மேடு. ஏற ஏற எண் இறங்குகிறது.

வேண்டாத பொருளை எல்லாம் வெளியே போட்டேன். மண்வெட்டி. சாப்பாட்டுப் பெட்டி. வரும்போது ஆறுவுக்கென்று வைத்திருந்த போர்வை. உட்காரும் மெத்தை. எடை குறைந்தால் ஒரு மேடாவது தாண்டும். மூச்சுப்பெட்டியை மடிமேல் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முகாமில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. ரேடியோக் கம்பம் சாய்ந்திருக்கும். கம்பம்தான் சாய்ந்திருக்கும்.

"அண்ணே, நான் இன்னைக்கு ஜோக்கு சொல்லவே இல்ல. காத்த மிச்சம் பண்ணு. பேசாம படுத்துக்க. கோவப்படாத, பயப்படாத. ஆறு. ஆறு."

பயப்பட மாட்டேன் என்று காலையில் சொன்னேன் இல்லையா? அதை அடித்துவிடு, வண்டி.

18.52 | சார்ஜ் 2

நின்றுவிட்டது. இந்தத் தடவை அதன் பிடிவாதம் இல்லை. சக்கரம் சுழலவில்லை.

கிழக்கே மூன்று கிலோமீட்டர். உடையில் இரண்டு மணி நேரக் காற்று. பெட்டி பூமியில் கனமாம். இங்கே ஒரு பிள்ளையைத் தூக்குகிற கனம். முதுகில் கட்டிவிட்டேன். கம்பங்களைத் தொட்டுத் தொட்டுப் போனால் வழி தப்பாது.

வண்டி, கேள். முகாமுக்குப் போய்ப் பெட்டியை மாட்டியதும் வாசல் விளக்கை ஐந்து முறை அணைத்துப் போடுவேன். அது நான் வந்துவிட்டேன் என்பதற்கு. பிறகு ஸ்விட்சை அண்ணன் கையில் கொடுப்பேன். அவன் இருந்தால், ஆறு முறை. நீ எண்ணி எழுதி வை. யாராவது வந்து படிக்கட்டும்.

நான் திரும்பும்போது தெரிகிற மாதிரி உன் முன்விளக்கைப் போட்டு வை என்றேன்.

"ஒருவழிப் பயணம். திரும்பி வருவதற்கான விளக்கு தேவையில்லை."

"நான் திரும்பி வருவேன். போயிட்டு வாரேன்."

"அனுப்பியவர் 'போ' என்றிருக்கிறார். அதை மாற்ற அவரால்தான் முடியும்."

சரிதான். பொய்ச் சாவி போட்டுத் திறந்தவள் நான்தானே.

கடைசிப் பாடம்: தனியாகப் போகலாம். தனியாகக் கிளம்பக் கூடாது. அம்மாவிடம் சொல்லிவிட்டு—

கதவைத் திறக்கிறேன். குளிர் உள்ளே வ

18.57 | சார்ஜ் 2 | வண்டியின் பதிவு

ஓட்டுபவர் இறங்கிப் போனார். பயண வகை: ஒருவழி. முன்விளக்கு அணைக்கப்பட்டது. பதிவு மட்டும் தொடரும்.

20.14 | சார்ஜ் 2 | வண்டியின் பதிவு

புழுதி குறைகிறது. ரேடியோவில் மேலப்புதூர்.

"சித்தெறும்பு, சித்தெறும்பு... யாரு இருக்கா? அஞ்சு? அஞ்சு, பேசுட்டி. முகாம்ல இருந்து சத்தமே இல்ல. நீயாவது பேசு."

பதில் அனுப்பப்பட்டது: ஓட்டுபவர் போனார்.

"போனாள்னு சொல்லாத!"

நாற்பது நொடி அழும் ஓசை. பின்னால் பிச்சையா அவர்களின் குரல்: "மதனி, வண்டி அது. அதுக்கு என்ன தெரியும்? நீங்க சரியாக் கேளுங்க."

"எங்க போயிருக்கா?"

பதில்: முகாமுக்கு. நடந்து. மூச்சுப்பெட்டியுடன். ஓட்டுபவர் உங்களிடம் முதலில் சொல்லச் சொன்னது 15.06 பதிவில் இருக்கிறது. அனுப்பப்பட்டது.

முழுவதும் கேட்டார். மறுபடி கேட்டார்.

"ஏ வண்டி. நான் அஞ்சுகத்தோட அம்மா."

குரல் பொருந்துகிறது.

"காலைல நான் சொன்னது வாய்தவறி வந்தது. எம்பிள்ள போவல, போயிருக்கா. வருவா. அப்படி எழுது. போயிட்டு வா அஞ்சு. ஒங்கண்ணனக் கூட்டிட்டுப் போயிட்டு வா. கேக்குதா? போயிட்டு வா."

அனுப்பியவர் சொல்லை மாற்றினார். 18.57 பதிவு திருத்தப்பட்டது: ஓட்டுபவர் போயிருக்கிறார், வருவார். பயண வகை: போய் வருதல். முன்விளக்கு போடப்பட்டது.

20.41 | சார்ஜ் 1 | வண்டியின் பதிவு

திரும்பத் தேவை: 94. இருப்பு: 1. ஆனாலும் வகை மாற்றப்படவில்லை. ரேடியோவை நிறுத்தி அந்தச் சார்ஜை விளக்குக்குக் கொடுக்கிறேன். அனுப்பியவரிடம் தெரிவித்தபோது அவர் சொன்னது:

"என்கூடப் பேசாண்டாம். வெளக்க மட்டும் அணைச்சிராத."

20.58 | சார்ஜ் 1 | வண்டியின் பதிவு

கிழக்கே வெளிச்சம். அணைந்தது. வெளிச்சம். எண்ணச் சொன்னார், எண்ணினேன். ஐந்து.

நின்றுவிட்டது.

21.03 | சார்ஜ் 1 | வண்டியின் பதிவு

இருட்டு.

21.09 | சார்ஜ் 0 | வண்டியின் பதிவு

வெளிச்சம். ஒன்று.

இரண்டு.

இடைவெளி நீளம். மூன்று.

முன்விளக்கு மங்குகிறது. பதிவை நிறுத்த வேண்டும். எண்ணி முடிக்கவில்லை.

நான்கு.

ஐந்து.

ஆ